செத்தவள் பேரில் கேஸ்

தாம்பரத்தில் ரயில்வே லைனுக்குக் கிழக்கே ஒரு மரவாடி இருந்தது. அதற்குப் பின்னால் போகிற சந்துக்கு முனிசிபாலிட்டி வைத்த பேர் வேறு ஏதோ. ஊரில் எல்லாரும் மரவாடிச் சந்து என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்கிற ஆண்களில் பாதிப் பேருக்கு அந்தச் சந்தில் எந்த வாசல் தாழ்வு, எந்த இடத்தில் தலையைக் குனிய வேண்டும் என்பது வரைக்கும் தெரியும்.

அந்தத் தாழ்ந்த வாசல் வீட்டை நடத்தியவள் பாலாம்பாள். வீடு அவளுடையது அல்ல. வீட்டுக்காரர் மாம்பலத்தில் கௌரவமாக இருந்தார். பக்கத்து வீடுகளுக்குக் கிடைப்பதைப் போல மூன்று மடங்கு வாடகை வாங்கிக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியாது என்பார். தெரியாதவர் எதற்கு மூன்று மடங்கு வாங்கினார் என்று அவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு கிராக்கி ஐந்து ரூபாய் கொடுத்தால் பாதி பாலாம்பாளுக்கு. மீதியில் ஆளைக் கூட்டி வந்த ரிக்‌ஷாக்காரனுக்கு ஒரு பங்கு, போலீஸ் மாமூலுக்கு ஒரு பங்கு, டாக்டர் போடுகிற ஊசிக்கு, பவுடருக்கு, பூவுக்கு. எல்லாம் போக அந்தப் பெண்ணின் கையில் நிற்பது மறுநாள் சோற்றுக்குச் சரியாக இருக்கும். சில நாள் அதுவும் பற்றாது. தாம்பரம் சம்பளக்காரர்களின் ஊர். ஏர்போர்ஸ்காரர்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், வாத்தியார்கள் என்று மாதத்தின் முதல் வாரத்தில் சந்து கலகலவென்றிருக்கும். இருபதாம் தேதிக்கு மேல் அந்த மனிதர்களெல்லாம் உத்தமர்களாகிவிடுவார்கள். அப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டி பிரேக்டவுன் ஆன லாரிக்காரன் யாராவது வந்தால்தான் உண்டு.

மாமூல் வாங்குகிற போலீஸ்காரர்களுக்குக் கேஸ் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மாமூல் கீழே இருப்பவர்களுக்கு, கேஸ் மேலே இருப்பவர்களுக்கு. மாதம் ஒரு விபசாரக் கேஸாவது போடாவிட்டால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். ஆகவே மாதக் கடைசியில் ஒரு நாள் சாயந்திரம் ஏட்டு பட்டாபிராமன் மரவாடி வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு வருவார். யாரையும் துரத்த மாட்டார், முடியைப் பிடித்து இழுக்க மாட்டார். இந்த மாசம் யாரும்மா என்று கேட்பார். யாருடைய முறையோ அவள் ஒரு மாற்றுப் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் நடப்பாள். ராத்திரி லாக்கப், காலையில் கோர்ட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஐம்பது ரூபாய் அபராதம். கட்டிவிட்டு மத்தியான ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம். அபராதத்துக்கென்று ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார்கள். வாராவாரம் எல்லாரும் அதில் போட வேண்டும். இவ்வளவு ஒழுங்காக நடந்த ஆபீஸ் ஒன்று அந்தக் காலத்துத் தாம்பரத்தில் இருந்ததா என்பது சந்தேகம்.

இந்தக் கேஸ்களெல்லாம் பச்சையம்மா என்கிற ஒரே பெண்ணின் பேரில் இருந்தன. அவள் செத்து வருஷக்கணக்காகியிருந்தது.

பச்சையம்மாவும் அந்த வீட்டில் இருந்தவள்தான். கருவைக் கலைக்கப் போன இடத்தில் ரத்தம் நிற்காமல் செத்தாள். அந்த மாதம் கோர்ட்டுக்குப் போக வேண்டியவள் ரத்தினபாய். ஸ்டேஷனில் பேர் என்ன என்று கேட்டதும் பயத்தில் அவளுக்குத் தன் பேர் வரவில்லை. மனதில் எந்தப் பேர் கிடந்ததோ அதுதான் வாயில் வந்தது. ஏட்டுக்கு அது ரொம்ப வசதியாகப் போய்விட்டது. பழைய கேஸ்காரி என்றால் புதிதாக விசாரித்து எழுத வேண்டியதில்லை. "பச்சையம்மா, புருஷன் பேர் லேட் மாணிக்கம், வயசு முப்பத்திரண்டு" என்று பழையதைப் பார்த்து எழுதினார். அதற்கப்புறம் யார் போனாலும் அதே பேர், அதே புருஷன், அதே வயசு. மீசை போல் உதட்டின் மேல் ரோமம் நரைத்த ரத்தினபாய்க்கும் முப்பத்திரண்டு, வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சின்னப்பெண் சுந்தரவல்லிக்கும் முப்பத்திரண்டு. பழைய மாஜிஸ்திரேட்டு கேஸ் கட்டைத்தான் பார்ப்பார், கூண்டைப் பார்க்க மாட்டார்.

செத்தவளுக்கு இனிமேல் என்ன கெட்டுப்போகப்போகிறது என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். நன்றி மறக்கவும் இல்லை. வருஷம் ஒரு முறை, அவள் செத்த நாளில், அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துப் படைப்பார்கள். நம்ம கேஸையெல்லாம் சுமக்கிற மகராசி என்று பாலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவர்களில் தபீதாள் வேதக்காரி, கிறிஸ்தவள் என்பதால் படையலைக் கும்பிட மாட்டாள். ஆனால் குழம்பு வைப்பது எப்போதும் அவள்தான்.

தபீதாள் பல்லாவரத்துக்காரி. அவள் புருஷன் லாசரஸ் கல் உடைக்கிற வேலையில் இருந்தான். பம்பாயில் நல்ல கூலி என்று போனவன் ஒரு கடிதாசியும் போடவில்லை. அவன் போன பிறகு அவளும் கல் உடைத்தாள். கங்காணி பகலில் கூலியைக் குறைத்தான், சாயந்திரம் வந்தால் முழுசாகத் தருகிறேன் என்றான். எப்படியும் கொடுக்க வேண்டியிருந்தால் கல்லும் உடைத்துவிட்டு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று யோசித்தவள், தாம்பரத்துக்கு ரயிலேறினாள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒரு நாள் சித்திரை வெயிலில் அந்தக் குவாரியில் உட்கார்ந்து பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. சேலையூருக்கும் அப்பால், மழை பெய்தால் பள்ளிக்கரணைச் சதுப்புத் தண்ணீர் வந்து எட்டிப் பார்க்கிற பக்கத்தில், ஜெபராஜ் என்கிற ரிட்டையர்ட் ஹெட்மாஸ்டர் கொஞ்சம் நிலத்தை வாங்கிக் கல் நட்டுப் பெத்தானியா நகர் என்று பேர் வைத்திருந்தார். அரைக் கிரவுண்டு மனை, மாதம் பதினைந்து ரூபாய் தவணை. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும். தவணை அட்டையின் பின்பக்கத்தில், வாங்குபவரின் நடத்தையைப் பற்றி அவதூறு வந்தால் மனை ரத்து, கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது என்று அச்சடித்திருந்தது. அந்த வரியைத் தபீதாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள், இரண்டு தரம் படித்தாள், பிறகும் சேர்ந்தாள். மனை கைக்கு வந்துவிட்டால் அதில் ஓர் ஓலைக் குடிசை, வாசலில் இட்லி அடுப்பு, பேர் சொல்லிக் கூப்பிடுகிற அக்கம்பக்கம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

தவணை கட்ட அவள் நேரில் போனதே இல்லை. அங்கே மனை வாங்குகிறவர்களும் சம்பளக்காரர்கள்தானே. முதல் வாரத்தில் வந்துபோகிற முகம் ஒன்று அங்கே எதிரில் வந்து நின்றால் எல்லாம் போச்சு. ஆகவே மாதாமாதம் மணியார்டர். அனுப்புநர் தபீதாள், மரவாடி, கிழக்குத் தாம்பரம். அவள் மரவாடிக் கணக்குப்பிள்ளையின் குடும்பமோ என்னவோ என்று ஜெபராஜ் நினைத்துக்கொண்டார். பத்திரத்தின்போது நேரில் வந்தால் போதும் என்று ஒரு கார்டு போட்டார். கூட்டமில்லாத ஒரு மத்தியானம் முக்காடு போட்டுக்கொண்டு போய், தன் மனையை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். போகும்போது ஒரு முருங்கைக் கொம்பை எடுத்துப்போய் மூலையில் நட்டுவிட்டு வந்தாள்.

ஆக, கோர்ட்டு அவள் முகத்தைப் பார்த்திருந்தது, பேரைக் கேட்டதில்லை. பெத்தானியா நகர் பேரைக் கேட்டிருந்தது, முகத்தைப் பார்த்ததில்லை. இதுதான் பத்திரமான வழி என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு அவள் கொடுத்த விலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மாதக் கடைசியில் தொழில் படுத்துவிடும், தவணையோ ஐந்தாம் தேதிக்குள் போயாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத் தபீதாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோர்ட்டுக்குப் போகப் பயப்படுகிறவர்களின் முறையைத் தான் வாங்கிக்கொள்வாள். ஒரு முறைக்குப் பத்து ரூபாய். ஒரு ராத்திரி லாக்கப்பில் குந்தியிருந்தால் பத்து ரூபாய் என்பது அந்த வீட்டில் வேறெந்த வேலைக்கும் கிடைக்காத கூலி. யாரும் மேலே கை வைக்காத கூலியும்கூட. மற்ற பெண்களுக்கும் சந்தோஷம்தான்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஒரு மாதக் கடைசியில் முறை சுந்தரவல்லியுடையது. வல்லிக்கு அதுதான் முதல் முறை. காலையிலிருந்தே அழுதுகொண்டிருந்தாள். அழுதால் கண்ணு வீங்கும், கிராக்கி வராது என்று பாலாம்பாள் அதட்டினாள். தபீதாள் பத்து ரூபாயை வாங்கி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, ஏட்டு பின்னால் நடந்தாள்.

மறுநாள் கோர்ட்டில் பழைய மாஜிஸ்திரேட்டு இல்லை. மாற்றலாகி வந்திருந்தவர் சின்ன வயசுக்காரர், நல்லவர். நல்லவர்கள் வந்தால்தான் நம்மைப் போன்றவர்களுக்குக் கஷ்டம். அவர் கட்டைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்தார். இவள் மேல் முன்தண்டனை உண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்தக் கோர்ட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அரசாங்க வக்கீல் தடுமாறிப்போய்க் கட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். பச்சையம்மா, அபராதம். பச்சையம்மா, அபராதம். வாசித்துக்கொண்டே போனார். வராந்தாவில் நின்றவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள்.

தபீதாள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எந்த மாதம் யார் போனது என்று அவளுக்குத் தெரியும். இது ரத்தினபாய் அம்மை போட்டு எழுந்த மாசம். இது ஓடிப்போன சரசு. இது நான். இது மறுபடியும் ரத்தினபாய். இத்தனை பேரும் ஒவ்வொருவராக இறங்கிவந்து தன் ஒருத்தியின் தோளில் ஏறுகிறதைப் போலிருந்தது அவளுக்கு.

இதெல்லாம் உன்மேல் ஏற்பட்ட தண்டனைகள்தானா, ஒத்துக்கொள்கிறாயா என்று மாஜிஸ்திரேட்டு கேட்டார். நிதானமாக, மரியாதையாகவே கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பச்சையம்மா இல்லை, அவள் செத்துப்போய்விட்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் நீ யார் என்பது. தபீதாள், லாசரஸ் பெண்சாதி, மரவாடிச் சந்து என்று கோர்ட்டில் எழுதுவார்கள். பேப்பர்காரன் ஒருவன் அங்கே பென்சிலோடு உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலையில் ஜெபராஜ் காபி குடித்துக்கொண்டே அந்தப் பேரைப் படிப்பார். ஐந்தரை வருஷத் தவணை, முருங்கை, குடிசை எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும். அவள் ஏட்டைப் பார்த்தாள். அவர் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க" என்றாள் தபீதாள்.

உன்னைத் தண்டிக்க எனக்கு விருப்பமில்லை, திருத்தத்தான் விரும்புகிறேன் என்று மாஜிஸ்திரேட்டு சொன்னார். அபராதமோ ஜெயிலோ போடவில்லை. பெண்கள் இல்லத்தில் மூன்று வருஷம் என்று எழுதினார். வெளியே புளியமரத்தடியில் பாலாம்பாள் ஐம்பது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு காத்திருந்தாள்.

வேன் வருகிற வரைக்கும் தபீதாளை வராந்தாவில் உட்கார வைத்திருந்தார்கள். வல்லி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"இது என் முறைக்கா. நான் போய் ஜட்ஜாண்ட சொல்லிட்றேன்."

"இன்னான்னு சொல்லுவே? நானும் பச்சையம்மான்னா? உன்னையும் சேத்து ஏத்திகினு போவாங்க. அழாம கேளு." தபீதாள் குரலைத் தாழ்த்தினாள். "அஞ்சாந்தேதிக்குள்ள மணியார்டர் போவணும். மாசா மாசம். என் பேர்ல போடு. பேரு மட்டும் மாறக் கூடாது, மாறிச்சின்னா மனை பூடும்."

வல்லி தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். தபீதாள் ஜாக்கெட்டிலிருந்த பத்து ரூபாயை எடுத்து, அடுத்த தவணைக்கு வைத்துக்கொள் என்று அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இல்லத்தில் பாவாடை தைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், பஜனை பாடச் சொன்னார்கள். பச்சையம்மா என்று கூப்பிட்டால் ஆரம்பத்தில் தபீதாள் திரும்ப மாட்டாள். அவளுக்குக் காது மந்தம் என்று மேட்ரன் நினைத்தாள். பிறகு திரும்பக் கற்றுக்கொண்டாள். படுக்கும்போது மட்டும், எனக்குத் தபீதாள் என்று பேர், எனக்கு ஒரு மனை இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அவளுக்கு அதுதான் ஜெபம்.

வல்லி வாக்குத் தவறவில்லை. பச்சையம்மாவின் தங்கை என்று சொல்லிக்கொண்டு பார்க்க வருவாள், மணியார்டர் ரசீதைக் கம்பி வழியாகக் காட்டுவாள். அந்தப் பதினைந்து ரூபாய்க்காக அவள் கூடுதலாக என்னென்ன சகித்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. தபீதாளுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு முறை வரும்போது உதடு கிழிந்திருந்தது. கடைசித் தவணையும் கட்டியாயிற்று என்று சொன்ன அன்றைக்கு லட்டு வாங்கி வந்தாள். தபீதாள் அன்று சிரித்ததை இல்லத்தில் எல்லாரும் அதிசயமாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வல்லி வரவில்லை. செத்துப்போய்விட்டாளோ என்று தபீதாள் கவலைப்பட்டாள். வேறு விதமாக அவளுக்கு நினைக்கத் தோன்றவில்லை.

எழுபத்துநாலில் வெளியே விட்டார்கள். பச்சையம்மா, புருஷன் பேர் லேட் மாணிக்கம் என்று ஒரு விடுதலைச் சீட்டும், ரயில் செலவுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். தாம்பரத்தில் இறங்கிப் பார்த்தால் மரவாடிச் சந்து வீட்டை இடித்து மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். தொழில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜுகளுக்குப் போய்விட்டதாம், லாட்ஜ் முதலாளி பாதி இல்லை, முக்கால் எடுத்துக்கொள்கிறானாம். பாலாம்பாள் எங்கே என்று தெரியவில்லை. ஸ்டேஷன் படிக்கட்டில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த ரத்தினபாய்தான் இதையெல்லாம் சொன்னாள். வல்லியைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றினாள். கடைசியில், உன் மனையாண்ட போய்ப் பாரு என்றாள்.

தபீதாள் சேலையூர் தாண்டி நடந்தே போனாள். பெத்தானியா நகரில் இப்போது தெருக்கள் இருந்தன, ஒரு சின்ன வேதக்கோவில் இருந்தது, மாலையில் ஆபீஸ் விட்டு வருகிற சைக்கிள்கள் இருந்தன. தன் மனையைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கல் தேவைப்படவில்லை. மூலையில் முருங்கை கூரைக்கு மேலே வளர்ந்து காய்த்துத் தொங்கியது. அதன் கீழே ஓர் ஒற்றை அறை வீடு, சிமெண்டு ஷீட் போட்டது. வாசலில் ஒரு பலகை. எழுத்துக் கூட்டிப் படித்தாள். இங்கு ரவிக்கை தைத்துத் தரப்படும், தபீதாள்.

உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினில் இருந்தவள் நிமிர்ந்தாள். சுந்தரவல்லி. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வேதக்காரி மாதிரி நெற்றியில் பொட்டு இல்லை.

வல்லி வந்து காலில் விழுந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கடைசித் தவணை கட்டியதும், பத்திரத்துக்கு நேரில் வராவிட்டால் மனையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஜெபராஜிடமிருந்து கார்டு வந்தது. யாரையாவது அனுப்பியாக வேண்டும். கோர்ட்டுக்குப் பச்சையம்மாவாகப் போனவர்கள்தானே நாம், இங்கே ஒரு நாள் தபீதாளாகப் போய் வந்தால் என்ன என்று அவளும் ரத்தினபாயும் பேசி முடிவு செய்தார்கள். வல்லி போனாள். ரிஜிஸ்தர் ஆபீஸில் ஜெபராஜ், இவள்தான் தபீதாள் என்று சொன்னார். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி கூடத்தில் நாற்காலியில் உட்கார வைத்து, கப் சாசரில் காபி கொடுத்தாள். என்ன தெரியும் என்று கேட்டாள். கொஞ்சம் தைப்பேன் என்று வல்லி சொன்னாள். வேதத்தில் வருகிற தபீதாளும் ஏழைகளுக்குத் துணி தைத்தவள்தான் என்று அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம்; சும்மா கிடந்த பழைய மிஷினைக் கொடுத்துவிட்டாள்.

"நாலு நாள் இருந்துட்டு வந்துர்லாம்னுதான் நெனச்சேன்க்கா. அப்புறம் அந்த வூட்டுக்குத் திரும்பிப் போவ முடியல." வல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைப் பாக்க வர்லாம்னா, பச்சையம்மாளப் பாக்கத் தபீதாள் இன்னாத்துக்குப் போறான்னு யாராச்சும் கேட்டா?"

தபீதாள் அவளை ஓர் அறை விட்டாள். கை வலிக்கிற அளவுக்கு விட்டாள். வல்லி கன்னத்தைப் பிடித்துக்கொள்ளக்கூட இல்லை. எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்துவந்து தபீதாள் மடியில் வைத்தாள்.

"உன் பேர்லதான் கீது. நீ போய் ஜெபராஜ் சாராண்ட சொல்லு. நான் பூட்றேன்."

பத்திரத்தில் தன் பேர் அழகாக எழுதியிருந்ததைத் தபீதாள் தடவிப் பார்த்தாள். யாரிடம் போய், என்னவென்று சொல்வது? நான்தான் தபீதாள் என்றால் அத்தாட்சி எங்கே என்பார்கள். அவளிடம் இருந்த ஒரே காகிதம் விடுதலைச் சீட்டு. அதைக் காட்டினால் அவள் பச்சையம்மா, எத்தனையோ தடவை தண்டனை வாங்கினவள். ரத்தினபாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் மரவாடிச் சந்து வெளியே வரும். தவணை அட்டையின் பின்பக்கத்து வரி இருக்கவே இருக்கிறது. மனை ரத்தாகும், இரண்டு பேரும் தெருவில் நிற்பார்கள். வல்லி போகிறேன் என்றாளே, எங்கே போவாள்? முக்கால் எடுத்துக்கொள்கிற லாட்ஜுக்குத்தான். அந்த மூன்று வருஷமும் உன்னுடையதுடி என்று கத்த வேண்டும் போலிருந்தது தபீதாளுக்கு. கத்தினால் பக்கத்து வீட்டில் கேட்கும்.

தன் பேரை அழுக்காக்காமல் காப்பாற்ற மூன்று வருஷம் உள்ளே இருந்தாள். பேர் நன்றாகத்தான் இருந்தது. சுத்தமாக, மரியாதையாக, வாசலில் பலகை போட்டுக்கொண்டு இருந்தது. அவள்தான் அதற்கு வெளியே இருந்தாள். அவளுக்கு வந்த துக்கத்துக்கு அழுகை வரவில்லை.

வல்லி ஒரு தட்டில் சோறு போட்டு, முருங்கைக்காய்க் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். இங்கேயே இரு அக்கா, ஊரிலிருந்து வந்த சொந்தம் என்று சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். வேறு ஏதாவது ஒரு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தபீதாள் சாப்பிட்டாள். பசி அப்படி. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல்.

அப்போது வேலிக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"தபீதாள்!"

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

பக்கத்து வீட்டு யூனிஸ் டீச்சர், தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்க வந்திருந்தார். உள்ளே ஒரு புது முகத்தைப் பார்த்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இரண்டு தலைகள் திரும்பியதை அவர் கவனிக்கவில்லை. வல்லி தபீதாளையே பார்த்தாள். சொல்லு என்றும், சொல்லிவிடாதே என்றும் இரண்டுமாக இருந்தது அந்தப் பார்வை.

"யாரு இது, புதுசா இருக்கே? உங்க பேர் என்னம்மா?" என்று டீச்சர் தபீதாளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

தபீதாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். கை தானாகவே எதிரில் இல்லாத ஒரு கம்பியைத் தேடிவிட்டு இடுப்புக்குத் திரும்பியது.

"பச்சையம்மா. புருஷன் பேரு லேட் மாணிக்கம். வயசு முப்பத்திரண்டு."

டீச்சர் கலகலவென்று சிரித்துவிட்டார். பேரைத்தானே கேட்டேன், ரேஷன் கார்டா எழுதப்போகிறேன் என்றார். சிரிப்பு அடங்கியதும், வீட்டு வேலை செய்வீர்களா, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்று விசாரித்தார். வல்லி சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த ரவிக்கையைக் கையில் எடுத்தவள், அதைக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள்.